திருப்பூரில் என் மூன்று கேஷ்மியர் ஸ்வெட்டர்கள்

ஜனவரியில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் விமானம் ஏறும்போது போட்டிருந்த சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று, ஊட்டிக்கென்று எடுத்து வைத்த கருநீலம் ஒன்று, நான்கு வருடம் முன்பு அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்து பீரோவிலேயே தங்கிவிட்ட பழுப்பு ஒன்று. மூன்றும் கேஷ்மியர், வெள்ளாட்டு மென்மயிரில் பின்னியவை. ஆளுக்கொரு சிக்கல். பனியன் ஊரில் பின்னல் துணியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாமலா போவார்கள் என்று நினைத்தேன். நினைத்தது பாதிதான் பலித்தது.

முதலில் சாம்பல். வாங்கி இரண்டு மாதம்தான் இருக்கும். அக்குளிலும், தோள்பை உரசும் இடுப்புப் பக்கமும் குட்டிக் குட்டி உருண்டையாகத் திரண்டுவிட்டது, தொழிலில் பில்லிங் என்பார்கள். கடையில் தொட்டபோது வெண்ணெய் மாதிரி இருந்தது, அந்த மென்மைக்காகவே வாங்கினேன். அக்கா வீட்டு மாமா முப்பது வருடமாக நிட்டிங் கம்பெனியில் இருப்பவர். வாங்கி உள்பக்கம் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கீழ் ஓரத்தில் இழுபடும் பட்டையை, ரிப்பை, இழுத்து விட்டார், அது மெதுவாக, அரைமனதாகத் திரும்பியது.

"கண்ணு, நம்ம பஞ்சுல கார்டட் நூல் வருமே, அந்த மாதிரி இது. கட்டை நாரு நிறைய இருக்குது. முறுக்கும் பத்தல, பின்னலும் லூசு. பில்லிங் வராம என்ன பண்ணும்?"

கேஷ்மியரைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்த ஒரு பேச்சில் புரிந்தது. பருத்தியில் சீப்புப் போட்டுக் குட்டை நாரை நீக்கினால் கோம்டு நூல், நீக்காமல் விட்டால் கார்டட். கேஷ்மியர் என்பது வெள்ளாட்டின் முரட்டு மயிருக்கு அடியில் குளிருக்காக வளரும் மென்மயிர். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் சாங்பா மக்கள் ஆட்டைச் சீவி எடுப்பதும் இதுதான், சீனாவின் உள் மங்கோலியாவிலிருந்து மூட்டை மூட்டையாக வருவதும் இதுதான். அமெரிக்கச் சட்டப்படி சராசரிப் பருமன் 19 மைக்ரானைத் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் அதைக் கேஷ்மியர் என்று விற்க முடியாது. ஆனால் மெல்லிசாக இருந்தால் மட்டும் போதாது, நாருக்கு நீளம் வேண்டும். குட்டை நாரின் நுனி நூலைவிட்டு எளிதில் வெளியே வரும், உரசல் பட்டதும் பக்கத்து நுனியோடு சிக்கி உருண்டையாகும். கடையிலேயே பொசுபொசுவென்று இருக்கிறது என்றால் பல நேரம் ஆலையில் அதிகமாக அலசி நுனிகளைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் மயங்கியது அந்தக் கிளப்பிய நுனிகளில்தான்.

பக்கத்தில் கருநீலத்தை வைத்ததும் மாமா முகம் மாறியது. எடின்பரோவுக்குத் தெற்கே ஹாயிக் என்ற ஊரில் வாங்கியது அது. ஸ்காட்லாந்தின் திருப்பூர் என்றே சொல்லலாம், தலைமுறை தலைமுறையாகப் பின்னல் தொழில் நடக்கும் ஊர். கைக்குக் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். இரட்டைப் புரி நூல், நெருக்கமான பின்னல், இழுத்து விட்டால் டக்கென்று திரும்பும். ஆறு வருடம் போட்டும் மணிக்கட்டுப் பக்கம் மட்டும்தான் லேசாக உருண்டை. துவைக்கத் துவைக்கத்தான் அது மிருதுவானது.

அதைத்தான் நான் இழந்தேன். ஊட்டியிலிருந்து வந்ததும் வீட்டுக்கே வந்து துணி எடுத்துப்போகும் லாண்டரி ஒன்றில் கொடுத்தேன். சீட்டில் "கம்பளி, மெஷின் வேண்டாம்" என்று என் கையாலேயே எழுதினேன். மூன்றாம் நாள் கண்ணாடிக் காகிதத்தில் மடித்து வந்தது, பத்து வயதுப் பிள்ளை போடும் அளவுக்கு. தடித்து, ஜமுக்காளம் மாதிரி இறுகியிருந்தது. மயிரின் மேல் செதில்கள் இருக்கின்றன. சூடும் சுழற்சியும் சேர்ந்தால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. பில் பணம் வேண்டாம் என்றார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாம்பலை வெளியே கொடுக்க மனம் வரவில்லை. "பயோ வாஷ் போட்டா உருண்டை போயிருமே சித்தி" என்றான் அக்கா மகன். மாமா தடுத்துவிட்டார். பயோ வாஷில் போடும் என்சைம் பருத்தியின் நாரான செல்லுலோஸைத் தின்னும். இது மயிர், புரதம், அதற்கு வேலை செய்யாது. மாறாக, கறை போக்கும் சில சோப்புத்தூள்களில் புரதத்தைத் தின்னும் என்சைம் இருக்கிறது. அதில் ஊறப்போட்டால் ஸ்வெட்டரே நலிந்துபோகும்.

கடைசியில் அம்மாதான் துவைத்தார். நான் முதலில் உருண்டைகளைத் துணிச் சீப்பால் ஒரே திசையில் எடுத்தேன் (கையால் பிய்த்தால் உள்ளேயிருந்து இன்னும் நாரை இழுத்துவிடும்). அம்மா பட்டுப்புடவைக்கு வைத்திருந்த பூந்திக்கொட்டையை ஊறவைத்து வடிகட்டினார். "போர் தண்ணி வேண்டாம் கண்ணு, ஆத்துத் தண்ணியே எடு" என்றார். உப்புத் தண்ணீரில் அலசினால் நார் மொடமொடத்துப் போகும் என்பது பட்டில் அவர் கண்ட அனுபவம். உள்பக்கம் திருப்பி, பத்து நிமிடம் அமுக்கி எடுத்தோம். கசக்கவில்லை, பிழியவில்லை. தேங்காய்ப்பூத் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றிவிட்டு, நிழலில் கயிற்றுக்கட்டிலில் விரித்தோம். கொடியில் போட்டிருந்தால் தன் ஈரத்தின் கனத்திலேயே நீண்டிருக்கும். ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்கிறேன், உருண்டை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அப்பாவின் பழுப்பு நிறத்தில் அந்துப்பூச்சி நான்கு ஓட்டை போட்டிருந்தது. இரண்டு முறை போட்டுவிட்டுத் துவைக்காமல் மடித்து வைத்ததன் பலன். வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடம்தான் அந்தப் புழுவுக்குப் பிடித்த இடம். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தேன், முட்டையிருந்தாலும் சாகட்டும் என்று. பிறகு கோயம்புத்தூரில் கிழிசலில் இழையோட்டி மறைக்கும் ஒரு ஆர்ட் டார்னிங் கடைக்கு எடுத்துப்போனேன். பெரியவர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் ஓட்டறது நெசவுத் துணிக்குங்க. இதுல ஓட்டுனா அந்த இடம் மட்டும் இழுபடாம நிக்கும். பின்னல் தெரிஞ்ச ஆளுகிட்டப் போங்க." வந்த காசை வேண்டாம் என்று சொன்ன அந்த நேர்மைக்காகவே அவர் கடைக்கு அப்பாவின் சால்வையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்னல் தெரிந்த ஆள் மாமாவின் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா. அறுந்த கண்களை, அதாவது பின்னல் வளையங்களை, ஊசியால் ஒவ்வொன்றாகக் கோர்த்து, பக்கத்துக் கண்ணோடு பின்னி மேலேற்றினார். நான்கு ஓட்டைக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. முந்நூறு ரூபாய்தான் கேட்டார், நான் ஐந்நூறு கொடுத்தேன். இழுத்தால் நீள்கிறது, விட்டால் திரும்புகிறது. நிறம் மட்டும் ஒரு சாயல் தூக்கலாகத் தெரிகிறது.

"வாங்கறப்ப கூட ஒரு துண்டு நூல் குடுத்திருப்பாங்களே, அது இருந்தா தெரியவே தெரியாதுங்க" என்றார்.

கொடுத்திருந்தார்கள். எடின்பரோவில் மேசை இழுப்பறையில், சின்ன அட்டையில் சுற்றியபடியே கிடந்தது. வந்த வாரமே அந்த அக்காவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.