மின் வின்ச்சா, டிர்ஃபோரா: மலைத்தோட்டத்து ஜீப்புக்கு எது?

"வின்ச் வாங்கலாம்னு இருக்கேன், எத்தனை பவுண்டு எடுக்கட்டும்?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக உங்கள் ஜீப் எந்தப் பக்கமாக இறங்கியது?

கொடைக்கானல் கீழ்மலையில், பெரும்பாறைக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவே எங்களுக்குக் கொஞ்சம் காப்பி, மிளகு, ஊடே மலைவாழை. தார்ச்சாலையிலிருந்து களம் வரை ஒன்றரை கிலோமீட்டர் மண் தடம். ஒரு பக்கம் வெட்டிய மேடு, மறுபக்கம் பள்ளம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர் வரை அந்தச் செம்மண் நனைந்த சோப்புக்கட்டிதான். சமவெளிச் சகதியில் வண்டி நேராகப் புதையும். முன்னால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். எங்கள் தடத்தில் புதைவது குறைவு. பின்பக்கம் வழுக்கி, ஒரு சக்கரம் விளிம்பைத் தாண்டிப் போய் நிற்கும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

போட்டியில் இருப்பவை மூன்று. முன் பம்பரில் பூட்டி, மோட்டாரால் டிரம் என்ற உருளையில் ரோப்பைச் சுற்றி இழுக்கும் மின் வின்ச். பெட்டியில் போட்டுக்கொள்ளும் கை இயந்திரமான டிர்ஃபோர். மூன்றாவது, யாரும் கணக்கில் சேர்க்காத பக்கத்துத் தோட்டத்து ஜீப்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். நான்கு மணிக்குள், செல்போன் சிக்னல் உள்ள வளைவில் மாட்டினால் அதுதான் சிறந்த வழி. காசு இல்லை, ஒரு டீயோடு போகும். ஆனால் மழை நாளில் வர வேண்டிய வண்டியும் அதே தடத்தில்தான் வர வேண்டும். ஒருமுறை இழுக்க வந்த ஜீப்பும் எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டது. தவிர, நைலான் கயிற்றைத் தொளதொளவென்று விட்டு ஒரே வெட்டாக இழுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கொக்கி பிய்ந்து கண்ணாடி வழியாக உள்ளே வந்தால் உயிர் போகும். கயிற்றை இறுக்கி வைத்துவிட்டு மெதுவாக நகர்த்தத் தெரிந்த டிரைவர் வந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

மின் வின்ச்சுக்கு வருவோம். வண்டியின் மொத்த எடையில் ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும் என்பது பொது விதி. எங்கள் ஜீப் வாழைத்தாரோடு எடைமேடையில் இரண்டேகால் டன் காட்டியது. ஒன்றரை மடங்கு என்றால் 3,375 கிலோ. கடையில் பரவலாகக் கிடைக்கும் 9,500 பவுண்டு வின்ச், கிட்டத்தட்ட 4,300 கிலோ. தாராளம் என்று தோன்றும். ஆனால் பெட்டியில் அச்சடித்த அந்த எண், டிரம்மில் ரோப்பின் முதல் அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏற டிரம்மின் விட்டம் பெரிதாகிறது, இழுவை குறைகிறது. நான்காவது அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுவது சாதாரணம். அப்படியானால் மிஞ்சுவது 2,900 கிலோவுக்குள். அதாவது பக்கத்திலேயே மரம் கிடைத்தது என்று ஐந்து மீட்டர் மட்டும் உருவிக் கட்டினால், வாங்கிய இழுவையில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்காது. தூரத்து மரத்தைத் தேடுங்கள். தூரத்தில் மரம் இல்லையென்றால் ஒரு ஸ்நாட்ச் பிளாக்கை (ரோப் ஓடும் கப்பி) மாட்டி ரோப்பை வண்டிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். வேகம் பாதியாகும், இழுவை கிட்டத்தட்ட இரட்டிக்கும். பன்னிரண்டாயிரம் பவுண்டு வின்ச்சுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் நல்ல பிளாக் ஒன்று, இரண்டு ஷேக்கிள் (இணைப்பு வளையம்), மரத்தில் சுற்ற ஒரு அகல பெல்ட் வாங்குவதுதான் புத்தி.

அடுத்து கரண்ட். முழு இழுவையில் இந்த மோட்டார் 400 ஆம்பியர் வரை, சிலது அதற்கும் மேல் கேட்கும். எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் பழைய ஜீப்பில் நூறு ஆம்பியரைத் தொடாது. மீதியெல்லாம் பேட்டரியிலிருந்துதான். ஒரு நிமிடம் முழுப்பளுவில் இழுத்தால் பேட்டரியில் Ah என்று போட்டிருக்கும் கணக்கில் ஆறரைக்கு மேல் போகிறது. எஞ்சினை ஓட விட்டு, ஒரு நிமிடம் இழுத்து, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, ஆற விட்டு மறுபடி இழுக்க வேண்டும். சீரீஸ் மோட்டார், நிரந்தரக் காந்த மோட்டார் என்று இரண்டு உண்டு. பின்னது கரண்ட் குறைவாகத் தின்னும், ஆனால் சூடேறினால் சோர்ந்துபோகும். தொடர்ந்து வேலை இருப்பவர்கள் சீரீஸையே கேட்டு வாங்குங்கள்.

டிர்ஃபோர் ஒரு எளிய கருவி. உள்ளே இரண்டு ஜோடித் தாடைகள் கம்பிவடத்தை மாற்றி மாற்றிக் கவ்வும். கிணற்றுக் கயிற்றை இரண்டு கையால் மாற்றிப் பிடித்து இழுப்போமே, அதே வேலை. டிரம் கிடையாது, அதனால் அடுக்குக் கணக்கும் கிடையாது. வடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரமும் ஒரே இழுவை. 1.6 டன், 3.2 டன் என்ற அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. எங்களுடையது சிறியது, வடத்தைச் சேர்க்காமலே பதினெட்டு கிலோ வரும். இழுவை போதாத இடத்தில் அதே ஸ்நாட்ச் பிளாக் கைகொடுக்கிறது. நெம்புகோலின் ஒரு தள்ளலுக்கு ஐந்து சென்டிமீட்டர் போல நகரும். பத்து மீட்டர் நகர்த்த இருநூறு தள்ளல். நாற்பது வயதுக்கு மேல் தோள்பட்டை மறுநாள் பதில் சொல்லும். இதை மறைத்து டிர்ஃபோரைப் புகழ எனக்கு மனமில்லை.

இருந்தும் அதன் பக்கம்தான் சாய்கிறேன். காரணம், போன ஐப்பசி.

இரண்டாவது வளைவில் பின் இடது சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டது. முன்னால் வின்ச் தயாராக இருக்கிறது. நேர் எதிரே இருந்த ஒரே நல்ல மரமோ பள்ளத்துப் பக்கம். நான் ரிமோட்டைச் செருகப் போனேன். எங்கள் டிரைவர் கையைப் பிடித்துவிட்டார். "அண்ணே, முன்னாடி இழுத்தா பின்னாடி இன்னும் எறங்கிரும். மொதல்ல பின்னாடி பிடிச்சுக் கட்டுவோம்." மேட்டுப் பக்கம் ஒரு கிழட்டுப் பலா. அதன் தூரில் பெல்ட், பெல்ட்டில் டிர்ஃபோர், வடம் ஜீப்பின் பின் சேஸிஸுக்கு. முப்பது நாற்பது தள்ளலில் பின்பக்கம் மேட்டை நோக்கி நகர்ந்து, சக்கரம் மண்ணைத் தொட்டது. வடத்தை அப்படியே இறுக்கமாக வைத்துக்கொண்டு லோ கியரில் ஓட்டியே வெளியே வந்தோம். மின் வின்ச் அன்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. பம்பரில் பூட்டியது பம்பர் பார்க்கும் திசையில்தான் இழுக்கும். பிளாக் போட்டுத் திருப்பலாம், ஆனால் அது முன்பக்கத்தைத்தான் திருப்பும். பெட்டியில் இருப்பதை எந்தப் பக்கத்திலும் கட்டலாம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தில் ஏறி எங்கள் மலை வரைக்கும் வந்தபோதும் இதே கதை. தடம் நெடுக விழுந்துகிடந்த சில்வர் ஓக் மரங்களை அறுத்து, துண்டு துண்டாக ஓரம் இழுத்துப் போட்டது டிர்ஃபோர்தான். கரண்டும் இல்லை, சார்ஜரும் இல்லை. பேட்டரியை நம்பியிருந்தால் இரண்டாம் மரத்தோடு நின்றிருப்போம்.

மின் வின்ச்சுக்கும் ஒரு நாள் உண்டு. தனியாக, இருட்டில், மழையில், நேராகப் புதைந்த வண்டி என்றால் அதற்கு ஈடு இல்லை. ரிமோட்டோடு வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கையும் பார்த்துக்கொள்ளலாம். டிர்ஃபோருக்கு ஒருவர் தள்ள, ஒருவர் வண்டியைக் கவனிக்க, குறைந்தது இரண்டு பேர்.

ரோப் கம்பியா, சிந்தெடிக் நாரா என்ற சண்டை மின் வின்ச்சுக்கு மட்டும்தான். டிர்ஃபோருக்கு அதற்கென்று உள்ள விட்டத்தில் கம்பிவடம்தான். இந்த விஷயத்தில் நான் கட்சி மாறியவன். முதலில் கம்பி வைத்திருந்தேன். பாறையில் உரசினாலும் தாங்கும், வெயிலுக்குப் பயமில்லை. ஆனால் ஒவ்வொரு இழை அறும்போதும் முள்ளாக நிற்கும், கையுறை இல்லாமல் தொட முடியாது. அதைவிட, இழுத்துக்கொண்டிருக்கும்போது அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். எங்கள் வண்டி மாட்டினால் காய் பறிக்கும் பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். தள்ளி நில்லுங்கள் என்றால் இரண்டு அடி தள்ளி நிற்பார்கள். அந்தப் பயத்தில்தான் சிந்தெடிக்குக்கு மாறினேன். எடை மிகக் குறைவு, அறுந்தாலும் வீச்சு குறைவு. என்றாலும் ஈரச் சாக்கை ரோப்பின் நடுவில் போடாமல் நான் இழுப்பதில்லை.

சிந்தெடிக்கின் எதிரிகள் மணல், வெயில், சூடு. மலையில் கடைசியதுதான் முக்கியம். பிளானட்டரி கியர் (ஒன்றைச் சுற்றி ஒன்று ஓடும் பற்சக்கரங்கள்) வைத்த வின்ச் பலவற்றில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. இறக்கத்தில் வண்டியை வின்ச்சால் பிடித்து மெதுவாக இறக்கினால் அந்த பிரேக் கொதிக்கும், டிரம்மை ஒட்டிய அடுக்கு உருகும். இந்த நார் 150 டிகிரி வாக்கில் உருகிவிடும். பலம் அதற்கு முன்பே போய்விடும். அடிக்கடி இறக்க வேண்டிய தடம் என்றால் கம்பியோடு இருங்கள், அல்லது வார்ம் கியர் (திருகு வடிவப் பற்சக்கரம்) வின்ச் தேடுங்கள். அது மெதுவானது, ஆனால் தானே பிடித்து நிற்கும். ரோப் வெளியே வரும் வாயில், கம்பி ஓடித் தழும்பான ரோலரில் சிந்தெடிக்கை விடாதீர்கள். வழவழப்பான அலுமினிய வாய் தனியாகப் போட வேண்டும். டிரம்மில் கம்பி ஐந்து சுற்று, சிந்தெடிக் எட்டிலிருந்து பத்துச் சுற்று எப்போதும் மிஞ்சியிருக்கட்டும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிழலுக்கு வைத்த கல்யாண முருங்கையில் கட்டாதீர்கள், அது மெத்தென்று வந்துவிடும். சில்வர் ஓக் பருத்ததாக இருந்தால் தூரோடு ஒட்டிக் கட்டலாம், ஆனால் எங்கள் பக்கம் ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பெல்ட் நசுக்கினால் அந்தக் கொடி போச்சு. பக்கத்துத் தோட்டத்து மரம் என்றால் ஜீப் வெளியே வந்த பிறகும் பஞ்சாயத்து இருக்கும்.

பராமரிப்பில் நான் பட்டதைச் சொல்கிறேன். மின் வின்ச் வாங்கிய முதல் வருடம் ஏழு மாதம் தொடவே இல்லை. ஐப்பசி மழையில் ரிமோட்டை அழுத்தினால் டிக், டிக் என்ற சத்தம் மட்டும். மோட்டாருக்குக் கரண்ட் விடும் சொலினாய்டு சுவிட்சின் டெர்மினல்கள் பச்சை பூத்திருந்தன. ரிமோட் சாக்கெட்டின் மூடியை நானே தொலைத்திருந்தேன். உள்ளே குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. இந்தப் பனிமூட்டத்தில் ஓடாத மோட்டார்தான் சீக்கிரம் கெடும். இப்போது மாதம் ஒருமுறை ரோப்பை முழுக்க உருவி, லேசான ஏற்றத்தில் ஜீப்பையே இழுக்க வைத்து, பிரேக்கை மெல்ல மிதித்தபடி சுற்றுகிறேன். மோட்டார் சூடாகி ஈரம் போகிறது, ரோப்பும் இறுக்கமாக அடுக்குகிறது. தளர்வாகச் சுற்றிய ரோப் பளு வந்ததும் கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். சேற்றில் இழுத்த அன்றே சிந்தெடிக்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். டெர்மினல்களில் பெட்ரோலியம் ஜெல்லி. பேட்டரிக்கும் வின்ச்சுக்கும் நடுவே, வேலை இல்லாதபோது கரண்டைத் துண்டித்து வைக்க ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச். எலி வயரைக் கடித்தாலும் வண்டி எரியாது.

டிர்ஃபோருக்கு இவ்வளவு இல்லை. மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்ததும் தாராளமாக எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் விட்டால் வடம் வழுக்குமே என்று பலர் பயப்படுகிறார்கள். வழுக்காது, காய்ந்த தாடைதான் சிக்கும். கிராஃபைட், மாலிப்டினம் கலந்த கிரீஸ் மட்டும் கூடாது. வடத்தில் மடிப்பு விழுந்தால் அதோடு அது முடிந்தது.

மின் வின்ச்சின் சுமையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. கம்பி ரோப்போடு முப்பத்தைந்து, நாற்பது கிலோ. அதைத் தாங்க இரும்பு பம்பர் வேறு. முன் ஸ்பிரிங் தொய்யும். ஏர்பேக் உள்ள புதிய வண்டியில் கண்ட பம்பரை மாட்டினால் மோதலில் அது எப்படி வேலை செய்யும் என்பதே சந்தேகமாகிவிடும். 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டியின் முன்னால் மாட்டும் கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. காரணம், வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. தோட்டத்துக்குள் யாரும் கேட்க மாட்டார்கள். மலையடிவாரத்து வத்தலக்குண்டு இறங்கினால் கேட்கலாம்.

ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும், கூட ஓர் ஆள் எப்போதும் உண்டு என்றால் டிர்ஃபோர். தனியாக ஓட்டுபவர், தடமும் நேர்ச்சகதி என்றால் மின் வின்ச். எங்கள் ஜீப்பில் இப்போது இரண்டும் இருக்கின்றன. டிர்ஃபோரின் பளு மீறினால் தானே அறுந்துகொள்ளும் ஷியர் பின்கள் மட்டும் மூன்று உதிரி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் ஆணியைச் செருகி ஓட்டும் ஆட்கள் உண்டு. இரவலுக்குக் கொடுத்து வாங்கும்போது முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பேன்.