ஸ்டிக்கரில் 2200, உள்ளே 1390: ஸ்கைஆர்சி பி6ஏசி வி2 சார்ஜரோடு ஒரு வருடம்

போன வருடம் சித்திரையில், எங்கள் ஊர்க் கண்மாய் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த சமயம், மகளின் ரிமோட் ஃபோம் விமானம் சீமைக்கருவேலம் புதருக்குள் போய் விழுந்தது. காற்று இல்லை. ரேடியோவிலும் கோளாறு இல்லை. தூரத்திலிருந்து திருப்பிக்கொண்டு வரும்போது மோட்டார் சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இடது இறக்கை ஒடிந்து முள்ளில் தொங்குகிறது. "இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கேப்பா" என்று கையிலிருந்த டைமரைக் காட்டினாள். டைமரில் இருந்தது, பேட்டரியில் இல்லை. மின்னழுத்தம் இறங்கியதும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சுற்றான இஎஸ்சி மோட்டாரை நிறுத்திவிட்டது.

ஒன்பது நிமிடம் பறக்கலாம் என்று கணக்குப் போட்டு டைமரில் வைத்தது நான்தான். பேட்டரி மேல் ஒட்டியிருந்த 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்ற எண்ணை நம்பிப் போட்டேன். பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறவன், அளக்காமல் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டேன் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்த ஸ்கைஆர்சி பி6ஏசி வி2. ஒரு வருடத்துக்கு மேல் வாரம் தவறாமல் பயன்படுத்திவிட்டேன்.

அதற்கு முன் என்னிடம் இருந்தது பெயர் எதுவும் அச்சடிக்காத ஒரு மலிவுச் சார்ஜர். பார்க்க இதே மாதிரி இருக்கும், நீலத் திரை, நாலு பட்டன். மூன்று செல்லும் 4.20 என்று திரையில் காட்டி, வேலை முடிந்தது என்று ஒலி எழுப்பும். விமானம் விழுந்த அன்று ராத்திரி மல்டிமீட்டரை எடுத்து பேலன்ஸ் கனெக்டரில் வைத்துப் பார்த்தேன். 3எஸ், அதாவது மூன்று செல்களைத் தொடராக இணைத்த பேட்டரியில் அந்த வெள்ளைக் கனெக்டருக்கு நாலு கம்பி. அடுத்தடுத்த இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஒவ்வொரு செல்லாக அளக்கலாம். மீட்டர் முனைகள் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால் கை நடுங்காமல் செய்ய வேண்டும். முதல் செல் 4.20, இரண்டாவது 4.21, மூன்றாவது 4.26. லிப்போ (லித்தியம் பாலிமர்) செல்லுக்கு 4.20 வோல்ட்தான் நிறைவு. அதைத் தாண்டி ஏற்றினால் உள்ளே வாயு உண்டாகும், பை உப்பும், முற்றினால் தீப்பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த மூன்றாவது செல்லை நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே புதுச் சார்ஜர் வந்ததும் முதலில் செய்த வேலை அதே சோதனைதான். முழுதாக ஏற்றி, மீட்டரில் பார்த்தால் 4.20, 4.20, 4.19. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நீங்கள் எந்தச் சார்ஜர் வாங்கினாலும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். ஒரே மாதிரிப் பெட்டியில் போலிகள் நிறைய வருகின்றன.

பி6ஏசி நேராக வீட்டுப் பிளக்கில் சொருகலாம், தனியாக அடாப்டர் வேண்டாம். கண்மாய்க் கரையில் 12 வோல்ட் கார் பேட்டரியிலும் ஓடும். ஒரு செல்லிலிருந்து ஆறு செல் வரை லிப்போ ஏற்றும். ஏற்றும் திறன் 50 வாட். எனக்குக் கொடுத்த விலை ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேல்.

பயன்படுத்தும் விதம் இதுதான். லிப்போ பேலன்ஸ் சார்ஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து, 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் வைக்கிறேன். கொள்ளளவு எண்ணுக்குச் சமமான இந்த ஆம்பியரைத்தான் 1சி என்பார்கள். எண்டர் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தாலும் அது உடனே தொடங்காது. முதலில் ஒரு கேள்வி கேட்கும். ஆர் என்ற எழுத்துக்கு எதிரே சார்ஜர் கண்டுபிடித்த செல் எண்ணிக்கை, எஸ் என்ற எழுத்துக்கு எதிரே நாம் வைத்த எண்ணிக்கை. இரண்டும் 3 என்று இருந்தால்தான் மறுபடி எண்டர். இந்த ஒரு திரையைப் படிக்காமல் தட்டிவிட்டுப் போகக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது "ஆர் மூணு, எஸ் மூணு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அழுத்துகிறாள்.

ஏற ஆரம்பித்ததும் திரையில் ஆம்பியர், மொத்த வோல்ட், ஓடிய நேரம், கடைசியில் உள்ளே போன எம்ஏஎச். இன்னொரு பட்டனைத் தட்டினால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் தனித்தனியாக வரும். செல்கள் 4.20-ஐத் தொட்டதும் ஆம்பியர் தானாக இறங்கும். அந்தக் கடைசிப் பகுதி மெதுவாகத்தான் போகும். செல்களைச் சமன்செய்யும் மின்னோட்டம் 300 மில்லி ஆம்பியர்தான், ஆகவே செல்களுக்குள் வித்தியாசம் அதிகம் இருக்கும் பேட்டரி இன்னும் இழுக்கும். அவசரப்பட்டுப் பாதியில் பிடுங்க வேண்டாம்.

இனி கொள்ளளவு. இதற்காகத்தான் வாங்கினேன், இதில்தான் இந்தச் சார்ஜரின் பலமும் பலவீனமும் இருக்கின்றன.

எளிய வழி, பறந்துவிட்டு வந்து திரும்ப ஏற்றும்போது உள்ளே எவ்வளவு போகிறது என்று பார்ப்பது. புதுப் பேட்டரியோடு எட்டு நிமிடம் பறந்தோம். திரும்ப ஏற்றியபோது 1430 எம்ஏஎச் போனது. நிமிடத்துக்குச் சுமார் 179. இது விமானத்தின் பசியைச் சொல்கிறது. பேட்டரியின் வயிறு எவ்வளவு பெரிது என்பதை இது சொல்லாது. அதற்கு, முழுதாக ஏற்றிய பேட்டரியைக் கீழ் எல்லை வரை இறக்கி அளக்க வேண்டும்.

சார்ஜரிலேயே டிஸ்சார்ஜ் வசதி உண்டு. ஆனால் அதன் திறன் வெறும் 5 வாட். சராசரியாக 11.1 வோல்ட் கொடுக்கும் 3எஸ் பேட்டரிக்கு இது அரை ஆம்பியர்கூட இல்லை, சுமார் 0.45 ஆம்பியர். 2200-ஐ இறக்க ஐந்து மணி நேரம் ஆகும். பாதுகாப்பு டைமர் 120 நிமிடத்தில் இருந்தால் நடுவிலேயே நின்றுவிடும், அதைக் கூட்டி வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டு புதுப் பேட்டரியை அளந்தேன். 2150 வந்தது. சரியான அளவுதான். ஆனால் விமானத்தில் பேட்டரி கொடுப்பது பத்து, பதினோரு ஆம்பியர். அரை ஆம்பியரில் நல்லபிள்ளையாக நடக்கும் கிழட்டுப் பேட்டரி, பதினோரு ஆம்பியரில் படுத்துவிடும். ஆகவே இந்த அளவை மட்டும் நம்பிப் பறக்க முடியாது.

அதனால் ஒரு பல்ப் வைத்துக்கொண்டேன். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கார் ஹெட்லைட் பல்ப், 55 வாட் இழை. பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில், வெளியேறும் ஆம்பியரையும் எம்ஏஎச்சையும் காட்டும் ஒரு வாட் மீட்டர். பேலன்ஸ் கனெக்டரில் ஒரு சின்ன அலாரம், எந்தச் செல்லாவது 3.3 வோல்ட்டைத் தொட்டால் கத்துகிற மாதிரி. பல்பை ஓட்டுத் துண்டின் மேல் வைத்தேன், அது தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். சுமார் நாலரை ஆம்பியர் ஓடியது, அதாவது ஏறக்குறைய 2சி.

புதுப் பேட்டரி இருபத்தெட்டு நிமிடம் நின்று எரிந்தது. மீட்டரில் 2090. பரவாயில்லை, நேர்மையான பேட்டரி. அடுத்து விமானத்தை விழவைத்த பழைய பேட்டரி. முதல் பத்து நிமிடம் எந்த வித்தியாசமும் இல்லை. பதினைந்தாவது நிமிடத்தில் வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளானது. பத்தொன்பதாவது நிமிடம் அலாரம் கத்தியது. மற்ற இரண்டு செல்கள் 3.55, 3.56-இல் இருக்க, மூன்றாவது மட்டும் 3.3. மீட்டரில் 1390. அதே மூன்றாவது செல். அந்த எண்ணைப் பார்த்ததும் மகள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள்: பேட்டரியை முழுதாகக் காலி செய்யக் கூடாது என்பதால் எண்பது சதவீதம் மட்டும், 1112, அதை 179-ஆல் வகுத்தால் ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். நாங்கள் ஒன்பது வைத்திருந்தோம்.

வி2-இல் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லின் உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, அளக்கும் வசதியும் இருக்கிறது. புதுப் பேட்டரியில் 6, 6, 7 மில்லி ஓம். பழையதில் 14, 15, 31. அந்த 31 என்ற எண்ணை முன்பே பார்த்திருந்தால் பல்பு எரிக்காமலேயே விஷயம் புரிந்திருக்கும். வெயிலில் ஒரு எண், குளிரில் ஒரு எண் காட்டும், கனெக்டர் அழுக்காக இருந்தாலும் கூடும். ஆகவே மற்றவர்களின் பேட்டரியோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் பேட்டரியை, அதே அறையில், மாதம் ஒரு தடவை அதனோடேயே ஒப்பிடுங்கள். எனக்கு இந்தச் சார்ஜரில் மிகப் பிடித்த வசதி இதுதான்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் எவ்வளவு நல்ல சார்ஜராக இருந்தாலும் பாதி வேலை நம் கையில் இருக்கிறது. முதலில் சார்ஜ் வயரின் இரண்டு பனானா பின்களைச் சார்ஜரில் சொருக வேண்டும், அப்புறம்தான் பேட்டரியை மாட்ட வேண்டும். கழற்றும்போது தலைகீழாக. பேட்டரியை முதலில் மாட்டிவிட்டால் அந்த இரண்டு பின்களும் வெறுமையாக உயிரோடு ஆடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் நான் மாற்றிச் செய்து, இரண்டும் உரசி, பட்டென்று நீலப்பொறி பறந்தது. ஒரு பின்னின் நுனி உருகிவிட்டது. மேசையில் அந்தக் கரும்புள்ளி இன்னும் இருக்கிறது.

வீட்டில் ஏற்றுகிற இடம் சமையலறைக்குப் பின்னால் உள்ள சிமெண்டுத் தரை. ஒரு அகலமான மண்சட்டி, அடியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல், அதன் மேல் பேட்டரி. சார்ஜர் ஒரு முழம் தள்ளி. பக்கத்தில் இன்னொரு வாளி மணல். திரைச்சீலை, பேப்பர், மரப்பலகை எதுவும் அருகில் கிடையாது. ஏறி முடியும்வரை வீட்டில் யாராவது ஒருவர் கண்பார்வையில் இருப்போம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது அறவே இல்லை. பறந்துவிட்டு வந்த பேட்டரி கைக்குச் சூடாக இருந்தால், ஆறும்வரை ஏற்றுவதில்லை. எங்கள் பக்கம் கத்திரி வெயிலில் அதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகிறது. உப்பிய பேட்டரியை ஒருபோதும் ஏற்றுவதில்லை.

நாலைந்து நாளுக்குப் பறக்கப் போவதில்லை என்றால் ஸ்டோரேஜ் முறையில் செல்லுக்கு 3.8 சொச்சம் வோல்ட்டில் நிறுத்திவைக்கிறேன். முழுதாக ஏற்றிய பேட்டரியை அந்த அளவுக்கு இறக்கவும் இதே 5 வாட்தான், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். ஆகவே பறக்கப் போகிற அன்று காலையில்தான் ஏற்றுகிறோம். மழை வந்து கெடுத்துவிட்டால் பல்பை எரித்துப் பாதிக்கு இறக்கிவிடுகிறேன்.

யார் வாங்கலாம்? 3எஸ் 2200, 2எஸ் 1000 மாதிரிப் பேட்டரிகளை ஒன்றொன்றாக ஏற்றுகிறவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தக் கலையைத் தொடங்குகிறவர்களுக்கு, இது நல்ல சார்ஜர். தயங்காமல் சொல்வேன். பெரிய டிரோனுக்கு 6எஸ் 5000 வைத்திருப்பவர்கள் வேண்டாம். 25.2 வோல்ட்டில் 50 வாட் என்றால் இரண்டு ஆம்பியர்தான். ஏற்றி முடிக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர்கள் குறைந்தது 200 வாட் சார்ஜராகப் பார்த்து வாங்குவது நல்லது.

அந்தப் பழைய பேட்டரியை இனிப் பறக்கவிடுவதில்லை என்று முடிவு செய்தோம். ஸ்டிக்கர் மேல் வெள்ளை டேப் ஒட்டி, மகள் ஸ்கெட்ச் பேனாவால் 1390 என்றும் தேதியும் எழுதினாள். புதுப் பேட்டரி மேலும் 2090 என்று எழுதியிருக்கிறாள். அடுத்த அளவு ஆடியில்.