மாமாவுக்கு உத்தரவு போடும் மருமகன்: ஹெல் லெட் லூஸ், மூன்று வருடம்

ஹட்டனில் நான், பண்டாரவளையில் இரண்டு பேர், கொழும்பில் வேலை பார்க்கும் ஒருவர், தலவாக்கலையில் ஒரு மாமா, கொட்டகலையில் அவருடைய அக்கா மகன். ஆறு பேர் மூன்று வருடத்துக்கு மேலாக ஹெல் லெட் லூஸ் என்ற இரண்டாம் உலகப் போர் வீடியோ கேமை ஆன்லைனில் விளையாடுகிறோம். அதில் காலாட்படை ஸ்குவாடுக்கும், அதாவது சின்னக் குழுவுக்கும், சரியாக ஆறு பேர்தான்.

ஒரு பக்கத்துக்கு 50 பேர். மேலே ஒரு கமாண்டர், ஸ்குவாடுக்கு ஒரு ஆபிசர். இவர்கள் தங்களுக்குள் பேசத் தனி சேனல் உண்டு. ஸ்குவாடுக்கு இன்னொன்று, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்பது மூன்றாவது. தேயிலைத் தோட்டத்தில் பாட்டி பெரட்டுக்கு, காலையில் ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போன கதை கேட்டு வளர்ந்தவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. தோட்டத்து மேலாளரான தொரை கணக்கப்பிள்ளைக்குச் சொல்வார், அவர் கங்காணிக்கு, கங்காணி இன்றைக்கு எந்த மலை என்று ஆட்களுக்கு. என்ன, இங்கே தொரையை மைக்கில் திருப்பித் திட்டலாம்.

முதல் சில மாதம் யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம், செத்தோம், பின்னாலிருந்து மறுபடி நடந்தோம். எங்களை அடக்கியது ஆபிசர் என்ற பட்டம் இல்லை, அந்த நடைதான். செத்த பிறகு சண்டைக்குப் பக்கத்திலேயே மறுபடி எழும்ப அவுட்போஸ்ட் வேண்டும், அதை ஸ்குவாடில் ஆபிசர்தான் வைக்க முடியும். முழு அணியும் எழும்பும் கேரிசனுக்கு 50 சப்ளை ஆகும். அந்தச் சப்ளைப் பெட்டி ஸ்குவாடில் சப்போர்ட் வேலை பார்ப்பவரிடம் இருக்கும், அவர் போட்டால்தான் ஆபிசர் கேரிசன் வைக்க முடியும். ஒருவரை விட்டு ஒருவர் ஓடினால் இரண்டு பேருமே சும்மா.

எங்கள் ஆபிசர் அந்த மருமகன், வயது 19. சப்போர்ட் மாமா. "மாமா, பெட்டிய இந்த வேலிக்குப் பின்னால போடுங்க" என்று அவன் மரியாதையாகத்தான் உத்தரவு போடுவான். "நீ சொல்லி நான் கேக்கணுமாடா?" என்பார் மாமா. ஒரு நாள் ஹூர்ட்கன் காட்டு மேப்பில், நம் ஊர் மாதிரியே பனிமூட்டம், மாமா பெட்டியோடு தனியாகச் சுடப் போய் விழுந்தார். கேரிசன் இல்லை, அந்தப் பக்கமே கைவிட்டுப் போனது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் மாமாவே, "எங்க போடணும், சொல்லு" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு காதில் கமாண்டரின் ஆங்கிலம், மறு காதில் எங்கள் தமிழ். 90 நிமிட ஆட்டத்தில் ஆபிசர் துப்பாக்கியைத் தொடுவதே அபூர்வம். நான் இரண்டு தடவை ஆபிசராக இருந்து பார்த்தேன். சுடுவதே நிம்மதி. அப்புறம், தெரியாத ஸ்குவாடில் சேர்ந்து, ஆபிசருக்கு மைக் இல்லை என்றால் உடனே வேறு ஸ்குவாடுக்கு மாறிவிடுங்கள்.

இன்னொரு தொல்லை நம் மழை. இடி விழுந்தால் கரண்ட் போகும், கூடவே ஆபிசரும் போவார். அதனால் கொட்டகலைப் பக்கம் இருட்டத் தொடங்கியதுமே மைக்கில் மாமாவின் குரல் வரும்:

"மருமகன் போனா அடுத்து யாரு? இப்பவே சொல்லுங்க."