தாராவி சந்துக்குள் ஒரு ரெக்கார்டிங் ரூம்

நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து மூன்று சந்து உள்ளே, தையல் பட்டறைக்கு மேல்மாடி. படி என்று பெயர், ஏணிதான். தம்பியின் முதல் தமிழ் ராப்பைப் பதிவு செய்யப் போனோம். மணிக்கு 500 ரூபாய்.

சுவர் முழுக்க ஃபோம், அதன்மேல் பழைய ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் மைக்கை ஆன் செய்வார்கள். நாங்கள் போனது மே மாதம், கேட்க வேண்டுமா! பட்டறை மிஷின் சத்தம் டேக்கில் ஏறுகிறது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் நேரம் கேளுங்கள்.

'மும்பை குர்லா ராப்பர் நேஸி 2014-லயே ஐபேட்ல பாட்டு ரெக்கார்ட் பண்ணலையா, உனக்கு எதுக்குடா ஸ்டுடியோ?' என்று நானும் சண்டை போட்டவள்தான். அங்கே இருந்த ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். மராத்திக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் தம்பிக்கு மூச்சு முட்டும் இடத்தைப் பிடித்து, வரியை அங்கேயே வெட்டச் சொன்னார். வெட்டியதும், எங்கள் திருநெல்வேலி ஆச்சி குழாயடியில் திட்டுகிற தாளம் அச்சு அசலாக வந்துவிட்டது! 2018-இல் 'காலா'வில் தாராவியின் ராப் குழு டோபாடெலிக்ஸ் பாடியதைக் கேட்டுத்தான் இவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. தாளம் என்னவோ ஆச்சி கொடுத்தது.

மிக்ஸிங்தான் சொதப்பல். ஒரு வாரம் என்றார்கள், 24 நாள் இழுத்தார்கள், பீட்டுக்கு அடியில் 'ழ'கரமெல்லாம் அமுங்கிக் கிடந்தது. குரலை மட்டும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மூன்று ஸ்டார்.