கடற்பாசி சன்ஸ்கிரீனா, ஜிங்க் ஆக்சைடா?

“கடற்பாசிச் சாறு சேர்த்தது” என்று எழுதிய சன்ஸ்கிரீனை வாங்குவதா, பழைய ஜிங்க் ஆக்சைடே போதுமா என்று குழம்புபவர்களுக்காக இது.

எங்கிருந்து வருகிறது?
பாசி: பிரிட்டனின் வேல்ஸ் கடற்கரைப் பாறைகளில் வளரும் போர்பைரா என்ற சிவப்புப் பாசி, கடல் வடிந்ததும் மணிக்கணக்கில் வெயிலில் காய்ந்து கிடக்கும். அதைக் காப்பவற்றில் முக்கியமானவை ஷினோரின், போர்பைரா-334 என்ற சேர்மங்கள். புற ஊதாக் கதிரை உறிஞ்சி, தீங்கில்லாத வெப்பமாக வெளியே விட்டுவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புதான்!
ஜிங்க்: தாதுப்பொடி.

எந்தக் கதிரைத் தடுக்கும்?
பாசி: இரண்டு சேர்மங்களுமே 334 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் வகையில்தான் வலு. தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யுவிபி என்ற இன்னொரு வகை 315 நானோமீட்டருக்குக் கீழே இருக்கிறது. அங்கே பலம் குறைவு.
ஜிங்க்: இரண்டையும் தடுக்கும்.

பூசினால்?
பாசி: வெள்ளைப் பூச்சு விழாது. ஆனால் இந்தச் சேர்மங்கள் நீரில் கரைபவை.
ஜிங்க்: மாநிறத் தோலில் சாம்பல் பூசியதுபோல் தெரியும்.

விலை?
பாசியில் இந்தச் சேர்மம் கொஞ்சம்தான். பிரித்தெடுக்கும் செலவு அதிகம். ஜிங்க் மலிவு.

சரி, எது யாருக்கு? வயலில், கடலில், கட்டடத்தில் வேலை செய்பவர்கள் தயங்காமல் ஜிங்க் வாங்குங்கள். பெரும்பாலும் நிழலில் இருப்பவர்கள் பாசி சேர்த்ததை வாங்கலாம். ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேறு பொருள்களும் அதில் இருக்கின்றனவா, எஸ்பிஎஃப் (வெயில் சுடாமல் காக்கும் அளவு) 30க்குக் குறையாமல் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.