முதல் மின் ஸ்கேட்போர்டுக்கு வெஸ்க் 4.12: எதுவரை நம்பலாம்?

ஒற்றை மோட்டார், 10எஸ் பேட்டரி (பத்து செல்களைத் தொடராக இணைத்தது), ஓரளவு சமமான தார்ச்சாலை. இந்த எல்லைக்குள் நிற்பதாக இருந்தால், முதன்முதலாக மின் ஸ்கேட்போர்டு கட்டுபவருக்கு வெஸ்க் 4.12 வடிவமைப்பில் வரும் கன்ட்ரோலர் (ரிமோட் சொல்வதற்கேற்ப பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து தரும் சுற்று) இன்றும் நல்ல தேர்வுதான். 12எஸ் வேண்டும், மோட்டாரைச் சத்தமில்லாமல் ஓட்டும் எஃப்ஓசி முறை வேண்டும், மேட்டுச் சாலையில் இரட்டை மோட்டார் வேண்டும் என்று ஆசை நீண்டால் இதை வாங்க வேண்டாம். வெஸ்க் 6 வரிசைக்கே நேராகப் போய்விடுங்கள். இரண்டு முறை செலவழிப்பதைவிட அது மலிவு.

ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெட்டர் 2015இல் தன் கன்ட்ரோலரின் சுற்றுப்படத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். அதனால்தான் 4.12 வடிவமைப்பைப் பல தொழிற்சாலைகள் செய்து விற்கின்றன. படம் ஒன்றுதான் என்றாலும் சால்டரிங் தரம் ஆளுக்கு ஆள் மாறும். வாங்கியதும் மின்தேக்கிகளின் கால்கள், மோட்டார் கம்பிகள் சுற்றுப் பலகையில் சேரும் இடம், தடித்த பேட்டரிக் கம்பிகள் ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். சால்டர் பளபளப்பாகக் கம்பியைச் சுற்றிப் படிந்திருக்க வேண்டும். உருண்டை உருண்டையாகத் திரண்டு நின்றால் பேட்டரியில் மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள்.

இந்த வடிவமைப்பின் மிகப்பெரிய வரம்பு 60 வோல்ட். மோட்டாருக்கான மின்னோட்டத்தை வெட்டி இணைக்கும் மின்னணு சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகளை இயக்கும் டிஆர்வி8302 சிப்பும், ஆறு மாஸ்ஃபெட்டுகளும் அதிகபட்சம் 60 வோல்ட்டுக்கு உட்பட்டவை. 12எஸ் பேட்டரி முழுதாக ஏறினால் 50.4 வோல்ட். இன்னும் பத்து வோல்ட் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பெரிய மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இணைக்கப்படும்போது கம்பியின் தூண்டலால் மின்னழுத்தம் துள்ளுகிறது. பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் கம்பி நீள நீளத் துள்ளலும் பெரிதாகும். பேட்டரி ஒரு முனையிலும் மோட்டார் மறுமுனையிலும் இருந்தால், கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து மோட்டார் கம்பிகளை நீட்டுங்கள். பேட்டரிக் கம்பியை நீட்டுவது இந்த வகைக் கன்ட்ரோலர்கள் சாகும் வழக்கமான வழிகளில் ஒன்று.

அடுத்த வரம்பு மின் சுழற்சி வேகம், அதாவது ஈஆர்பிஎம்: மோட்டார் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையைக் காந்த ஜோடிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. 4.12இல் இதை 60,000க்குள் வைத்திருக்க வேண்டும். அளவில் பொதுவான 6374 மோட்டார் (63 மி.மீ. விட்டம், 74 மி.மீ. நீளம்), 190 கேவி என்று எடுத்துக்கொள்வோம். வோல்ட்டுக்கு நிமிடத்தில் 190 சுற்று; உள்ளே 14 காந்தங்கள், அதாவது ஏழு ஜோடி. 10எஸ் முழுதாக 42 வோல்ட். 42ஐ 190ஆல் பெருக்கி, வருவதை ஏழால் பெருக்கினால் 55,860. வரம்புக்குள் அடங்குகிறது. அதே மோட்டாரை 12எஸ்ஸில் மாட்டினால் 67,032. எஃப்ஓசி முறையில் அந்த வேகத்தில் சிப் எரிந்த கன்ட்ரோலர்கள் ஏராளம். மோட்டார் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் "12எஸ் வரை" என்று எழுதியிருப்பது இதைச் சொல்லாது.

வேகத்தையும் இப்படியே கணக்கிடலாம். 10எஸ்ஸின் சராசரியான 36 வோல்ட்டில் நிமிடத்துக்கு 6,840 சுற்று. மோட்டார் புல்லி 16 பல், சக்கரப் புல்லி 36 பல் என்றால் விகிதம் 2.25, சக்கரம் 3,040 சுற்று சுற்றும். 83 மி.மீ. சக்கரத்துக்கு மணிக்கு 47 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். அது சக்கரம் காற்றில் சுற்றும் வேகம். ஆள் ஏறினால் குறையும். குறைந்தாலும் தொடக்கக்காரருக்கு மிக அதிகம். முதல் சில வாரங்களுக்கு மென்பொருளில் ஈஆர்பிஎம் உச்சத்தைப் பாதியாக்கி ஓட்டுங்கள்.

கன்ட்ரோலரை அமைக்க உதவும் வெஸ்க் டூல் இலவச மென்பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும். இந்தக் கன்ட்ரோலரை வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்: என்ன நடக்கிறது என்று காட்டுகிறது, ஏன் நின்றது என்றும் சொல்கிறது. முதலில் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைச் சுதந்திரமாகச் சுற்றவிட்டு, மோட்டார் கண்டறியும் படியை ஓட்டுங்கள். மின்தடை, தூண்டல், காந்தப் பாய்வு மூன்றையும் அதுவே அளந்துகொள்ளும். அளவீடு தோற்றால் பெரும்பாலும் மூன்று கம்பிகளில் ஒரு புல்லட் கனெக்டர் சரியாகப் பிடிக்காமல் இருக்கும்.

புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் மின்னோட்ட அமைப்பு. மோட்டார் மின்னோட்டம் வேறு, பேட்டரி மின்னோட்டம் வேறு. மெதுவாகப் போகும்போது கன்ட்ரோலர் மின்னழுத்தத்தைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டித் தருகிறது. பேட்டரி மின்னழுத்தத்தில் பாதியை மட்டும் மோட்டாருக்குத் தரும்போது மோட்டாரில் 50 ஆம்பியர் ஓடினால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 25தான் எடுக்கும். ஆகவே புறப்படும்போதும் மேட்டிலும் இழுக்கும் வலு மோட்டார் வரம்பில் இருக்கிறது. வேகமாகப் போகும்போதுள்ள வலு பேட்டரி வரம்பில் இருக்கிறது. மேடு ஏறவில்லை என்று பேட்டரி வரம்பை ஏற்றிக்கொண்டே போவது செல்லைச் சூடாக்குமே தவிர மேட்டை ஏற்றாது.

சாம்சங் 30க்யூ செல்கள் 30 கொண்ட 10எஸ் 3பி (தொடராகப் பத்து, இணையாக மூன்று) பேட்டரிக்குப் பொருத்தமான தொடக்க எண்கள்: மோட்டார் 50 ஆம்பியர், மோட்டார் பிரேக் 40, பேட்டரி 30, பேட்டரிக்குத் திரும்பும் பிரேக் மின்னோட்டம் 10. கடைசி எண் ஏன் இவ்வளவு சிறியது? ஒரு 30க்யூ செல்லுக்குள் ஏற்றக்கூடிய உச்சம் 4 ஆம்பியர், மூன்று இணையாக இருந்தால் 12. மின்னழுத்த வெட்டு 34 வோல்ட்டில் தொடங்கி 31இல் முடியட்டும். அப்போது பேட்டரி தீரும் நேரத்தில் பலகை சட்டென்று நிற்காமல் சோர்ந்து சோர்ந்து நிற்கும்.

ரிமோட்டுக்கு பிபிஎம் முறையில் (ரிசீவர் கட்டளையைத் துடிப்புகளாக அனுப்பும் முறை) "ரிவர்ஸ் இல்லாத, பிரேக் உள்ள கரண்ட்" அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ராம்ப் நேரத்தை, அதாவது விசை படிப்படியாக ஏற எடுக்கும் நேரத்தை, ஒரு நொடிக்கு அருகில் வைத்தால் விரல் பட்டவுடன் பலகை காலடியிலிருந்து பாயாது. பிறகு தவறவே கூடாத ஒரு சோதனை. பலகையைக் கவிழ்த்து, சக்கரத்தைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் விசை உடனே விட வேண்டும். சில மலிவான ரிசீவர்கள் சிக்னல் போனாலும் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு அனுப்பும். அப்படிப்பட்ட ரிசீவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் பலகையில் இருக்கக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது விசை நின்று, மறுபடி இணைத்ததும் வேலை செய்தால், வெஸ்க் டூலில் கட்டளை எழுதும் டெர்மினல் பக்கத்தில் ஃபால்ட்ஸ் (faults) கட்டளையைக் கொடுத்து, பதிவான பழுதுகளைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பதிவு போய்விடும். எனவே நிறுத்திய இடத்திலேயே, மின்சாரம் இருக்கும்போதே படிக்க வேண்டும். டிஆர்வி ஃபால்ட் (டிஆர்வி8302 சிப் தெரிவிக்கும் பழுது) ஒருமுறை வந்தால் கம்பி உரசலா என்று பாருங்கள். மோட்டார் கம்பிகள் மூன்றும் அவிழ்ந்திருக்கும்போதும் அதே ஃபால்ட் வந்தால் சிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கன்ட்ரோலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெல்ட் அமைப்பு சொதப்பினால் பிரேக் இல்லை. எச்டிடி 5எம் பெல்ட் (பல்லுக்குப் பல் 5 மி.மீ. இடைவெளி உள்ளது), 15 மி.மீ. அகலம் வாங்குங்கள், 9 மி.மீ. ஒற்றை மோட்டாருக்குப் போதாது. 16க்கு 36 பல், 280 மி.மீ. பெல்ட் என்றால் இரு அச்சுகளுக்கும் நடுவே ஏறத்தாழ 73 மி.மீ. வரும். அந்த நிலையில் சிறிய புல்லியின் 16 பற்களில் ஏழு மட்டுமே பெல்ட்டைப் பிடித்திருக்கும். அவசரமாக பிரேக் பிடிக்கும்போது படபடவென்று பல் தாவுவது அங்கேதான். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் சில மில்லிமீட்டர் மட்டும் உள்வாங்கும் அளவுக்கு இறுக்குங்கள். சில கி.மீ. ஓடிய பின் பெல்ட்டுக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் கருப்புத் தூள் படிந்திருந்தால் இரு புல்லிகளும் ஒரே கோட்டில் இல்லை. அதைச் சரிசெய்யாமல் பெல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

மோட்டார் புல்லிக்குக் கீவே (புல்லி வழுக்காமல் பூட்டும் பள்ளம்) உள்ள தண்டு அவசியம். கிரப் ஸ்க்ரூ எனும் தலையில்லாத சிறு திருகு மட்டும் பிடித்திருக்கும் புல்லி என்றாவது வழுக்கும். உலோகத்தோடு உலோகம் சேரும் எல்லா ஸ்க்ரூவுக்கும் திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் 243 ஒரு சொட்டு. மோட்டாரை மவுண்ட்டில் பிடிக்கும் எம்4 போல்ட்டின் நீளத்தையும் சரிபாருங்கள்: நீளம் கூடினால் முனை உள்ளே போய்ச் சுருளைக் கீறும். அது ஷார்ட் ஆகி, பழி கன்ட்ரோலர் மேல் விழும்.

இனி பேட்டரி. 10எஸ் 3பி 30க்யூ என்பது 9 ஆம்பியர்-மணி, 324 வாட்-மணி. யுரேத்தேன் சக்கரத்தில் கி.மீ.க்கு 10 முதல் 15 வாட்-மணி போகும் என்று வைத்து, தூரத்தை நீங்களே கணக்கிடலாம். செல்லை நேரடியாக சால்டர் செய்யாதீர்கள், ஸ்பாட் வெல்டிங்தான். முதல் பலகைக்குக் கட்டிய பேக்கை வாங்குவதே சரி. மின் சைக்கிளுக்கு விற்கும் 36 வோல்ட் பேக்கும் 10எஸ்தான், உள்ளூரிலேயே கிடைக்கிறது. ஆனால் அதன் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சுற்று) பல நேரம் 15, 20 ஆம்பியரிலேயே வெட்டிவிடும். இறக்கத்தில் பிரேக் பிடித்திருக்கும்போது பிஎம்எஸ் பேட்டரியைத் துண்டித்தால் என்ன ஆகும்? பிரேக்கில் பிறந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை, மின்னழுத்தம் நொடியில் 60ஐத் தாண்டும், கன்ட்ரோலர் எரியும், பிரேக்கும் போகும். அதனால்தான் ஸ்கேட்போர்டு பேக்குகளில் பிஎம்எஸ் சார்ஜிங்குக்கு மட்டும் வேலை செய்யும்படி இணைத்து, ஓட்டும்போது மின்வெட்டை வெஸ்க்கிடமே விடுகிறார்கள். அதே காரணத்தால், முழுதாக ஏற்றிய பேட்டரியோடு மலை உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கக் கூடாது.

சுவிட்சுக்குப் பதில் எக்ஸ்டி90-எஸ் கனெக்டரால் செய்த லூப் கீ (மாட்டினால் மின்சாரம் இணையும், கழற்றினால் துண்டாகும் கம்பி வளையம்) போதும். மாட்டும்போது வரும் தீப்பொறியை அதற்குள் இருக்கும் மின்தடை தடுக்கும். மலிவான மின்னணு சுவிட்ச் பழுதானால் ஓடும்போதே அணைந்துவிடும் அபாயம் உண்டு.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைத்தால், மோட்டாரும் கன்ட்ரோலரும் வரும், பேட்டரி வராது. பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணி வரை அனுமதி, 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, 324க்கு வழியில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்கள் சட்டத்தையும் பாருங்கள். ஜெர்மனியின் 2019ஆம் ஆண்டு விதி கைப்பிடித் தண்டு உள்ள வண்டிகளையே ஏற்கிறது, பிரிட்டனில் பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் அனுமதி இல்லை. அங்கே தனியார் இடத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு மட்டுமே ஓட்ட முடியும்.