மானிட்டருக்குப் பதில் கண்ணாடி என்று தலையில் கட்டுகிறார்கள், உஷார்

மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு சாதனம். லேப்டாப்பில் செருகிப் போட்டுக்கொண்டால் கண் முன்னால் பெரிய திரை விரியும், மேசையில் இனி மானிட்டரே வேண்டாம் என்று விற்கிறார்கள். சென்னையில் ஒரு கடையில் 42,000 ரூபாய் கொடுத்து அப்படி ஒன்று வாங்கினேன். விற்றவர் சொன்னதில் பாதி பொய், மீதி வளைத்துச் சொன்ன உண்மை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது. அதனால் கடையின் பெயரையோ கண்ணாடியின் பிராண்டையோ இங்கே எழுதப்போவதில்லை. அது பெரிய குறையும் இல்லை, ஏனென்றால் இதே வசனத்தை அப்புறம் வேறு கடைகளிலும் கேட்டுவிட்டேன்.

எனக்குப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் வடிவமைப்பதும் தொழில். மூலப்பிரதி ஒரு பக்கம், திருத்தும் பக்கம் ஒரு பக்கம் என்று இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிக்க வேண்டும். வாடகை வீட்டில் இரண்டு மானிட்டருக்கு இடம் கிடையாது. 14 இன்ச் லேப்டாப் திரையில் இரண்டு பக்கத்தையும் வைத்தால் எழுத்துகள் எறும்பு வரிசையாகிவிடும். இதையெல்லாம் கடைக்காரரிடம் விளக்கமாகச் சொல்லித்தான் கேட்டேன்.

“சார், இது 130 இன்ச் ஸ்கிரீன். மூணு மானிட்டரைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கலாம். டைப்-சி இருந்தா எந்த லேப்டாப்புலயும் ஓடும். நாள் முழுக்கப் போட்டுக்கலாம், கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். வாட்ஸ்அப்பிலும் கிட்டத்தட்ட இதையே எழுதி அனுப்பினார். புகாரில் இப்போது பேசுவது அந்தச் செய்திதான்.

முதலில் இந்த 130 இன்ச் கதை. பெட்டியில் பொடி எழுத்தில் ‘4 மீட்டர் தொலைவில்’ என்று போட்டிருக்கும். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து யாராவது மெய்ப்புப் பார்ப்பார்களா? இந்த வகைக் கண்ணாடிகளில் பலவற்றின் பார்வைக் கோணம் 46 டிகிரி, திரையின் மூலைக்கு மூலை அளந்தது. நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் 130 இன்ச் திரை கண்ணில் அடைக்கும் இடமும் ஏறக்குறைய அதே 46 டிகிரிதான், கணக்கு சரி. ஆனால் மேசையில் மானிட்டர் இருப்பது கண்ணிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டரில். அந்தத் தூரத்தில் 46 டிகிரியை அடைக்க 20 இன்ச் மானிட்டர் போதும். 27 இன்ச் மானிட்டர் ஒன்றை அங்கே வைத்தால் அது கிட்டத்தட்ட 60 டிகிரியை அடைத்துக்கொள்ளும். ஆக, 130 இன்ச் என்று வாங்கியது என் மேசைக் கணக்கில் 20 இன்ச். அதே கண்ணாடியை ‘6 மீட்டர் தொலைவில் 200 இன்ச்’ என்றும் விளம்பரம் செய்யலாம், செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதில் கடுகளவும் மாற்றம் இருக்காது. இதில் யாரையும் சட்டப்படி பொய்யர் என்று பிடிக்கவும் முடியாது, அதுதான் எரிச்சல். எவ்வளவு இன்ச் என்று கேட்காதீர்கள், எத்தனை டிகிரி என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் நிற்க வேண்டாம்.

நடுப்பகுதியில் எழுத்துத் தெளிவு நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் 1920-க்கு 1080 புள்ளி (பிக்சல்), அது 46 டிகிரிக்குள் அடங்குவதால் நெருக்கமாகத்தான் இருக்கும். கோளாறு ஓரங்களில். பக்கத்தின் கடைசி வரியிலும் வலது ஓரத்திலும் எழுத்து மங்கி, மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் ‘பல்’, ‘பல’ ஆகிவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான். சரி, ஓரத்தைத் தலை திருப்பிப் பார்க்கலாம் என்றால், தலை திரும்பும்போது திரையும் கூடவே வந்துவிடுகிறது. மூலை எப்போதும் மூலையிலேயே நிற்கும், விழியை மட்டும்தான் உருட்ட வேண்டும். திரையை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கவும், அந்த மூன்று மானிட்டர்களைக் காட்டவும் தயாரிப்பாளரின் தனி மென்பொருள் தேவை, அது என் லேப்டாப்பில் ஓடவில்லை. ஓடினாலும் மூன்றையும் ஒருசேரப் பார்க்க முடியாது. 46 டிகிரி ஜன்னல் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எட்டிப் பார்க்கலாம்.

கடையில் இது எதுவும் தெரியாது. ஏனென்றால் அங்கே விளக்கைக் குறைத்து, இருட்டான சினிமாக் காட்சியைப் போட்டுக் காட்டுவார்கள். இருட்டுக் காட்சியில் ஓரம் மங்குவது தெரியாது, கீழேயிருந்து வரும் பிரதிபலிப்பும் தெரியாது. வீட்டில் பகலில் வெளிர் நிறச் சட்டையோடு உட்கார்ந்தால் திரையின் கீழ்ப்பாதியில் என் சட்டைதான் தெரிகிறது. இந்தக் கண்ணாடிகளில் படம் மேலிருந்து கீழே விழுந்து சாய்வான கண்ணாடித் துண்டில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. கீழேயுள்ள வெளிச்சமும் அதே துண்டில் பட்டு உள்ளே நுழைந்துவிடுகிறது.

அடுத்து டைப்-சி. துளை டைப்-சி வடிவத்தில் இருப்பது வேறு, அதன் வழியாகப் படம் வெளியே போவது வேறு. படத்தை வெளியே அனுப்பும் டிஸ்ப்ளே போர்ட் வசதி அந்தத் துளைக்குள் இருந்தால்தான் கண்ணாடி வேலை செய்யும். விலை குறைந்த லேப்டாப்புகளில் பல, தகவலும் சார்ஜும் மட்டும் கடத்துபவை. நடுத்தர விலைப் போன்கள் பெரும்பாலும் அப்படியே. துளைக்கு அருகில் அம்பு முனையுள்ள மின்னல் குறியோ (தண்டர்போல்ட்), ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ இருப்பது போன்ற குறியோ இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாடலின் விவரப் பக்கத்தைப் படியுங்கள். என் லேப்டாப் மாடலை வாங்குவதற்கு முன்பே கடைக்காரருக்கு அனுப்பியிருந்தேன். “சூப்பரா ஓடும் சார்” என்று பதில் வந்தது. வீட்டில் செருகினால் ஒரே இருட்டு.

போன் செய்தேன். “உங்க போர்ட் வீக்கா இருக்கும் சார், ஒரு அடாப்டர் போட்டா சரியாயிடும்” என்றார். முதலில் கொடுத்தது லேப்டாப்பை டிவியோடு இணைக்கிற சாதாரண அடாப்டர். அது ஒருவழிப் பாதை: டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும், திரும்பி வராது. எனக்குத் தேவை எதிர்த்திசை, லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து கண்ணாடியின் டைப்-சிக்கு. இந்த வித்தியாசம் தெரியாதவர் இதே பொருளை விற்கிறார், அல்லது தெரிந்தே விற்கிறார், எது என்று இன்னும் புரியவில்லை. அப்புறம் 3,800 ரூபாய்க்கு இன்னொன்று. அது வேலை செய்தது, ஆனால் அதற்குத் தனி மின்சாரம் வேண்டும், ஏனென்றால் எச்டிஎம்ஐ கம்பி கண்ணாடியை ஓட்டும் அளவுக்கு மின்சாரம் தராது. ஆக மேசையில் ஒரு அடாப்டர், ஒரு சார்ஜர், எச்டிஎம்ஐ கம்பி, கண்ணாடிக் கம்பி. இட நெருக்கடிக்காக வாங்கிய சாமான் இது!

இதுவரை சொன்னதை ஆசை காட்டி விற்றது என்று விட்டுவிடலாம். அடுத்தது அசல் மோசடி. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து வேலை செய்யும்போது திரையின் அடியில் மங்கலாக ஒரு பட்டை தெரிந்தது. என்ன திறந்தாலும் அது போகவில்லை. உற்றுப் பார்த்தால் இடது பக்கம் நீளமாக ஒரு தேடல் பெட்டி, அதைத் தொட்டாற்போல் வரிசையாகச் சின்னச் சதுரங்கள். விண்டோஸ் 10-இன் டாஸ்க்பார். என் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 11, சின்னங்கள் நடுவில் நிற்கும். இந்தக் கண்ணாடிகளுக்குள் இருப்பவை குட்டி ஓஎல்இடி திரைகள், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை. ஒரே படம் மாறாமல் நெடுநேரம் நின்றால் அந்த இடத்துப் புள்ளிகள் சீக்கிரம் தேய்ந்து தழும்பாகிவிடும். யாரோ ஒருவருடைய கணினியில் வெகுகாலம் மாட்டிக் கிடந்த கண்ணாடிக்குப் புதுப் பெட்டி, புது சீல்.

கடைக்குப் போய்க் காட்டினேன். “அது உங்க லேப்டாப் டாஸ்க்பார்தான் சார்” என்றார். அவருடைய போனிலேயே செருகச் சொன்னேன். பட்டை அங்கேயும் இருந்தது. கவுன்டரில் பில் போடும் கணினியில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது, அதே நீளத் தேடல் பெட்டியோடு. பக்கத்தில் நின்ற பையன் அந்தத் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் உள்ளே போய்விட்டான். “பீஸ் டு பீஸ் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் சார், வாரண்டில போட்டுக்கலாம்” என்று பேச்சு மாறியது. வரிசை எண்ணைத் தயாரிப்பாளருக்கு அனுப்பிக் கேட்டபோது, அது வேறு நாட்டுச் சந்தைக்குப் போன சரக்கு, இந்தியாவில் உத்தரவாதம் பொருந்தாது என்று எழுதினார்கள். பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எதுவுமே ஒட்டவில்லை. இறக்குமதிப் பெட்டியில் இவை இருக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கும்போது பில் கேட்டதற்கு, “பில் வேணும்னா 18 பர்சென்ட் கூட ஆகும் சார்” என்று எஸ்டிமேட் சீட்டு ஒன்றைத்தான் நீட்டினார்கள். பணம் யுபிஐயில் போனதால் அதற்குச் சாட்சி இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், இன்னொரு வலை. “இதை வச்சுட்டு, மேல கொஞ்சம் போட்டுப் பெரிய ஹெட்செட் எடுத்துக்கோங்க. மானிட்டருக்கு அதுதான் சரி.” கண்ணை முழுக்க மூடி முகத்தில் மாட்டும் விஆர் ஹெட்செட்டைச் சொன்னார். நல்லவேளை, இதற்குள் கொஞ்சம் படித்திருந்தேன். மெட்டா குவெஸ்ட் 3-ஐ எடுத்துக்கொள்வோம். 2023-இல் வந்தது, விளையாட்டுக்கு அருமையான கருவி, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதில் ஒரு டிகிரிக்குக் கிடைப்பது சுமார் 25 புள்ளி. கூர்மையான கண் ஒரு டிகிரிக்குள் 60 வரை பிரித்துப் பார்க்கும். 60 சென்டிமீட்டரில் வைத்த 24 இன்ச் மானிட்டரின் அகலம் சுமார் 48 டிகிரி. அதை இந்த ஹெட்செட்டுக்குள் வரைந்தால் குறுக்கே 1200 புள்ளிதான் தேறும். அசல் மானிட்டரில் 1920. எடை 515 கிராம், அதுவும் முகத்துக்கு முன்னால் தொங்கும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ இதைவிடத் தெளிவு, எடையும் இன்னும் கூடுதல், விலை 3,499 டாலரில் தொடங்கியது. அந்தப் பணத்துக்கு மேசை, மானிட்டர் எல்லாம் வாங்கிப் பெரிய வீட்டுக்கே முன்பணம் கட்டிவிடலாம்.

நாள் முழுக்கப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. ஜெர்மனியின் கோபுர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பேரைக் குவெஸ்ட் 2 ஹெட்செட்டோடு ஒரு வாரம், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்ய வைத்தார்கள். அதே வேலையைச் சாதாரணத் திரையிலும் ஒரு வாரம் செய்யவைத்து ஒப்பிட்டார்கள். வேலைப்பளுவும் எரிச்சலும் கண் வலியும் ஹெட்செட் வாரத்தில் தெளிவாகக் கூடுதல். தலைவலி, குமட்டல் என்று முதல் நாளிலேயே விலகிப் போனவர்களும் உண்டு. என் கண்ணாடி அந்த அளவுக்குப் படுத்தவில்லை. ஆனால் எனக்கு ஏற்கெனவே பவர் கண்ணாடி உண்டு, அதற்கென உள்ளே மாட்டும் லென்ஸை ஆப்டிகல் கடையில் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. ‘பவர் இருந்தாலும் பரவாயில்லை’ என்று கடைக்காரர் சொன்னதில் இந்தச் செலவு வரவில்லை. ரயிலில் படம் பார்க்க, பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்காமல் மின்னஞ்சல் படிக்க இது நல்ல சாமான்தான். அதற்கென்று சொல்லி, புதுசைக் கொடுத்து விற்றிருந்தால் எனக்குப் புகாரே இல்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அடாப்டர் பணத்தை மட்டும் தருகிறேன் என்று கடைக்காரர் இறங்கி வந்தார். அதை வாங்கவில்லை. அப்புறம் மாவட்ட ஆணையத்துக்கு இணையவழியிலேயே மனு போட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. வாட்ஸ்அப் செய்திகள், யுபிஐ ரசீது, தயாரிப்பாளரின் பதில், திரைப் பட்டையின் படம் எல்லாம் மனுவோடு இருக்கின்றன.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போய், அதிலேயே செருகச் சொல்லுங்கள். சினிமா வேண்டாம், நீங்கள் தினம் பார்க்கும் வெள்ளைப் பக்கத்தை நாலு மூலைக்கும் எழுத்து வருகிற மாதிரி திறந்து, கடை வெளிச்சத்திலேயே அரை மணி நேரம் படியுங்கள். ‘டெமோவுக்கு அவ்வளவு நேரம் தர மாட்டோம்’ என்றால் கிளம்பிவிடலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முழுத் திரைக்கும் வெறும் வெள்ளையைப் போட்டு, போன் கேமராவைக் கண்ணாடியின் உள்பக்கம் கண் வைக்கும் இடத்தில் பிடித்து ஒரு படம் எடுங்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. பெட்டியையும் சீல் ஒட்டிய அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.